மயிரும் மானமும்

கண்டியிலிருந்து பல்லேகல செல்லும் வீதியில், தலை மழித்த பிக்குவையும் வழுக்கையைத் தொப்பியால் மறைத்த இளைஞனையும் ஒருங்கே காணலாம். இருவர் தலையிலும் மயிர் இல்லை. எனினும், ஒருவருக்கு அது பெருமை, மற்றவருக்கோ நாணம். 1753இல் சீயநாட்டு உபாலி தேரர் உபசம்பதையை மீள நிலைநாட்டிய நகர் கண்டி. பௌத்த துறவு புகுவோன் சிந்திக்க வேண்டிய உடற்கூறுகளுள் முதலாவது கேசமே. தானே துறந்ததற்கு எவரும் வருந்துவதில்லை. கேளாமல் நீங்கியதே இழப்பாகின்றது. அவ்விழப்பை மருத்துவத்தால் ஈடுசெய்தல் போலித்தனமாகுமா என்பதே ஈண்டு எழும் வினா.

மயிர் இழப்பின் உயிர் வாழாத கவரிமாவை மானத்துக்கு உவமையாக்கிய வள்ளுவர், கூடாவொழுக்கத்தைக் கூறுமிடத்துத் தலைக்கோலத்தாற் பயனில்லை என்கிறார். இது முரண்பாடன்று. வஞ்சிக்கும் நோக்கமே வேடத்தைக் குற்றமாக்குகின்றது. புற்றுநோய் மருந்தினால் மயிரிழந்த பெண் பொய்ம்மயிர் அணிந்தால் அதனை வஞ்சகம் என எவரும் கூறார்.

மயிர்மாற்றுச் சிகிச்சையிலோ பொய்ம்மயிரும் இல்லை. 1939இல் யப்பானிய வைத்தியர் ஒகுடா இம்முறையை விவரித்தார். 1952இல் நியூயோர்க்கில் நோர்மன் ஒரென்றைக் இதனை வழுக்கைக்குப் பயன்படுத்தினார். பிடரி மயிர் முன்தலைக்கு மாறினும் தன் உறுதியை இழப்பதில்லை என்பதே இதன் அடிப்படை. ஆனால், இச்சிகிச்சை புதுமயிரை ஆக்குவதில்லை. உள்ளதை இடம் மாற்றுகின்றது. நட்ட மயிர் சில வாரங்களில் உதிர்ந்து, வேர் நிலைத்து, மூன்று நான்கு மாதங்களின் பின் முளைக்கும். முழுப்பயன் காண ஏறத்தாழ ஓராண்டு செல்லும். தொடக்க நாள்களில் சொறியாமலும் அழுத்தித் தேய்க்காமலும் கடும் வெயில் படாமலும் காத்தல் வேண்டும். சூழவுள்ள பழைய மயிரோ தொடர்ந்து உதிரக்கூடும். அதனைத் தடுக்கும் மினொக்சிடில் போன்ற மருந்தை நிறுத்தின் பெற்ற பயனும் நீங்கும்.

இவ்வுண்மைகளை மறைத்து, ஒரே நாளில் இளமை மீளும் என விற்பவரிடமே போலித்தனம் உள்ளது. 2016இல் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் இச்சிகிச்சையை அடுத்து உயிரிழந்தார். சிகிச்சை செய்தோரின் தகுதியும் நிலையத்தின் உரிமமும் கேள்விக்குள்ளாயின. மானத்துக்காக உயிர்விடும் கவரிமா உவமையாகலாம். மயிருக்காக ஓர் இளைஞன் உயிர் போவது அவலமேயாகும்.

அவ்வவலத்திற் சமூகத்துக்கும் பங்குண்டு. மணப்பேச்சில் வழுக்கையைக் குறையெனக் கணக்கிடுவோரும், நண்பர் குழாத்தில் அதனை நகைப்போருமே அந்த நாணத்தை விதைக்கின்றனர். பின்னர் சிகிச்சையை நாடுவோனை வீண் அழகுவேட்கையன் என இகழ்வோரும் அவர்களே. சிகிச்சையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. உண்மையை முழுமையாகக் கூறுதல் வைத்தியரின் கடன். பிறர் தலையை அளவுகோலாக்கி அவர்தம் மதிப்பை அளவாதிருத்தல் எஞ்சிய அனைவரின் கடனாகும். இக்கடன் நிறைவேறுமாயின், தொப்பியைக் கழற்றுவதற்குச் சிகிச்சை வேண்டுமா என்பதை அவ்விளைஞன் அச்சமின்றித் தீர்மானிப்பான்.