தொலைந்த பெட்டியும் தவக்குலும்

உம்ரா எனும் மக்கா புனிதப் பயணத்துக்குக் குழுவாகப் புறப்படுவோரில் சிலருக்கு முதல் நாளே ஒரு சோதனை வந்துவிடுகிறது. வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி ஜித்தாவில் ஆட்கள் இறங்கிவிடுவார்கள், பெட்டி வந்திருக்காது. அல்லாஹ்வின் விருந்தாளியாக வந்தவர் உடைமையை எண்ணிக் கவலைப்படுவது இறைநம்பிக்கையில் குறைவா என்ற கேள்வி அங்கே எழுகிறது. இஸ்லாமியச் சட்ட மரபு இதற்குத் தெளிவாகவே விடை சொல்கிறது.

முதலில் வணக்கம். உம்ரா செய்பவர் அதற்கென வகுக்கப்பட்ட மீக்காத் எல்லையைக் கடக்குமுன் இஹ்ராம் என்னும் வணக்க நிலைக்குள் நுழைந்துவிட வேண்டும். விமானத்தில் வருவோருக்கு அந்த எல்லை வானிலேயே கடந்துபோகும். ஆகவே ஆண்கள் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகத் தைக்காத இரண்டு துணிகளை முன்கூட்டியே உடுத்திக்கொள்கிறார்கள். அப்படி வந்தவரின் பெட்டி தொலைந்தாலும் உம்ராவுக்குத் தேவையான எதுவும் தொலைவதில்லை. கஅபாவை ஏழு முறை வலம் வருவதற்கும், ஸஃபா மர்வா இடையே ஏழு முறை நடப்பதற்கும், முடி களைவதற்கும் அந்த இரண்டு துணிகளே போதும். இஹ்ராமிலிருந்து விடுபட்ட பின்னும் மாற்றுடை கிடைக்கும்வரை அவற்றையே உடுத்தியிருக்கத் தடையில்லை.

இஹ்ராம் துணியே பெட்டிக்குள் போய்விட்டால்? இடுப்புத்துணி கிடைக்காதவர் கால்சட்டை அணியலாம் என்று நபிகளார் அனுமதித்த செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. ஷாஃபி மத்ஹபில், அதாவது ஷாஃபி சட்டப் பள்ளியில், அதற்குப் பரிகாரம் இல்லை. ஹனஃபி மத்ஹபில் தைத்தபடியே அணிந்தால் பரிகாரம் உண்டு. உடை இல்லை என்பதால் வணக்கத்தின் வாசல் அடைபடுவதில்லை என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன.

அடுத்தது தவக்குல், அதாவது காரியத்தை இறைவனிடம் ஒப்படைத்தல். யமன் நாட்டவர் சிலர் இறைவனை நம்பியிருக்கிறோம் என்று சொல்லிக் கட்டுச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் கையேந்தினார்கள். வழிச்செலவுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற கட்டளை அப்போதுதான் இறங்கியது. குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் அது. இறையச்சமே சிறந்த கட்டுச்சோறு என்பதும் அதே வசனத்தில் வருகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பும்படி நபிகளார் அறிவுறுத்திய செய்தி திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. முயற்சியை விட்டுவிடுவது தவக்குல் ஆகாது என்பதே இவற்றின் சாரம்.

எனவே விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் பெட்டிச்சீட்டைக் காட்டி எழுத்துமூலம் புகார் பதிவது நம்பிக்கைக்கு முரணல்ல. 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் கழிந்தும் பெட்டி வரவில்லை என்றால் பயணி இழப்பீடு கோரலாம். இது அவருடைய உரிமை. சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகள் பெட்டியோடு போயிருந்தால், வலம் வருவதற்கு முன்பே அவற்றுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். உயிரைக் காப்பது மார்க்கத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. இஹ்ராமை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பக்தியாகாது.

மூன்றாவது, உடன் வந்தவர்களின் கடமை. ஜகாத் என்னும் கட்டாயக் கொடையைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைத் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரிசைப்படுத்துகிறது. அவர்களுள் ஒருவர் வழிப்போக்கர். ஊரில் வீடும் தோட்டமும் வைத்திருப்பவரே ஆனாலும், பயணத்தில் கைப்பொருள் இழந்து நிற்கும் அந்த நேரத்தில் அவர் உதவிக்கு உரியவர். வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வழியுள்ளவருக்கு ஜகாத் தேவைப்படாது. ஆனால் அவருக்கும் மாற்றுத்துணி, மணமில்லாத சோப்பு, இஹ்ராமில் அணியத்தக்க செருப்பு என்று குழுவினர் கொடுத்துதவுவது நன்மையே. இழந்தவர் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளலாம். இல்லாதவருக்கு இருப்பதில் பங்குண்டு என்று மார்க்கமே சொல்லியிருக்கிறது.

பெட்டி போனதற்கு வருந்துவது மனித இயல்பு, குற்றமல்ல. அந்த வருத்தத்தில் உடன் வந்தவர்களிடம் கடுஞ்சொல் பேசுவதும், சச்சரவில் இறங்குவதும்தான் வணக்கத்தின் பலனைக் குறைக்கும். பொறுமை என்பது நாவையும் கையையும் அடக்கியபடி செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருப்பது. புறப்படுகிறவர்கள் இஹ்ராம் துணி, மாத்திரை, பயண ஆவணங்கள் மூன்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். தவக்குல் அங்கேயே தொடங்குகிறது.