இன்டர்காம் பெட்டியின் சாவி யாரிடம்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா, பழையதிலேயே விண்டோஸ் 11 ஏறுமா என்று அப்போது பல இடங்களில் பேச்சு நடந்தது. அதிகம் பேசப்படாத இன்னொன்றும் அன்று முடிவுக்கு வந்தது. 32-பிட் வடிவில் வந்த கடைசி விண்டோஸ் அதுதான். விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் நிரல்களைத் தானே ஓட்டக்கூடிய கடைசி விண்டோஸும் அதுவே. 64-பிட் விண்டோஸில் அவற்றுக்கு இடமில்லை. விண்டோஸ் 11 வருவதே 64-பிட்டில் மட்டும்தான். கேட்டால் கணினிக்காரர்களின் கணக்காகத் தோன்றும். ஆனால் இதன் அடியை வாங்குகிறவர்களில் ஒருவர், ஏதோ ஒரு சிற்றூரில் நாற்பது படுக்கை மருத்துவமனையின் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் பெண்.

அவருக்குப் பின்னால் சுவரிலோ, படிக்கட்டுக்கு அடியிலோ ஒரு சாம்பல் நிறப் பெட்டி மாட்டியிருக்கும். பில்லில் அதை இ.பி.ஏ.பி.எக்ஸ். என்று எழுதுவார்கள், வாயால் சொல்வது இன்டர்காம். வெளியிலிருந்து வரும் நான்கைந்து லைன்களை முப்பது நாற்பது எக்ஸ்டென்ஷன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 9 அழுத்தினால் ரிசப்ஷன், 0 அழுத்தினால் வெளி லைன். ராத்திரி பத்து மணிக்கு மேல் வரும் அழைப்பு டியூட்டி டாக்டர் அறையில் அடிக்க வேண்டும், மருந்தகத்தில் அடிக்கக் கூடாது. ஐ.சி.யூ. போனிலிருந்து செல்போனுக்குக் கூப்பிடலாம், வார்டு போனிலிருந்து முடியாது. இப்படி அந்த மருத்துவமனையின் நடைமுறை முழுவதும் அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது. இடியும் எலியும் தொடாத வரைக்கும் இருபது வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகள் உண்டு. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும். இன்டர்நெட் நின்றாலும் வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் பேசலாம். இதைத் தூக்கிப் போடத் தயங்குகிறவர்களைக் கஞ்சர்கள் என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை.

அன்றாட ஓட்டத்துக்கு அந்தப் பெட்டிக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். எதையாவது மாற்றும்போதுதான் வேண்டும். சின்ன மாற்றங்களை ஆபரேட்டர் போனிலிருந்தே கோடு எண்களை அழுத்திச் செய்துவிடலாம். புது வார்டு ஒன்று வருகிறது, எக்ஸ்டென்ஷன் வரிசையையே மாற்ற வேண்டும் என்றால், அந்தக் கம்பெனி பெட்டியோடு சிடியில் கொடுத்த புரோக்ராமிங் மென்பொருள் தேவை. இன்னொரு தேவை இதைவிடப் பெரியது. பல மாடல்களில் இந்த அமைப்புகளெல்லாம் ஒரு சின்ன லித்தியம் பேட்டரியின் தயவில் நினைவகத்தில் நிற்கின்றன. பேட்டரி தீர்ந்து, அதே சமயம் மின்சாரமும் நின்றால், பெட்டி வாங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். பேக்கப் கோப்பு எடுத்து வைத்திருக்கலாம். அந்தக் கோப்பைப் படிக்கத் தெரிந்த நிரல் உலகத்தில் ஒன்றே ஒன்று, அந்தச் சிடியில் இருப்பதுதான்.

புதுக் கம்ப்யூட்டரில் அது ஏன் ஓடாது? ஒரே ஒரு காரணம் என்றால் சமாளித்துவிடலாம். மென்பொருள் 32-பிட்டாக இருந்தாலும், அதை நிறுவித் தரும் செட்டப் நிரல் மட்டும் 16-பிட்டாக இருக்கும். ஆகவே வாசலிலேயே நின்றுவிடும். எப்படியோ நிறுவிவிட்டால், தன் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே கோப்புகளை எழுதப் பார்க்கும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் அதற்கு எளிதில் அனுமதி தருவதில்லை. அதையும் தாண்டினால் போர்ட். பெட்டியோடு பேச வேண்டியது ஆர்.எஸ்.-232 என்னும் சீரியல் கம்பி வழியாக. 1960-இல் வகுக்கப்பட்ட தரம் அது, இன்றைக்கும் பழுதில்லாமல் வேலை செய்கிறது. ஆனால் இப்போதைய லேப்டாப்பில் அந்த ஒன்பது ஊசிச் சொருகி கிடையாது. யூ.எஸ்.பி. மாற்றி ஒன்றை வாங்கிச் செருகினால் விண்டோஸ் அதற்கு காம் 7 என்றோ காம் 11 என்றோ எண் கொடுக்கும். பழைய மென்பொருளுக்குத் தெரிந்ததோ காம் 1 முதல் காம் 4 வரைதான்.

அந்த மாற்றியைப் பற்றி ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். கிளாஸ்கோவைச் சேர்ந்த எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சில்லுகளை உள்ளே வைத்த மாற்றிகள் உலகெங்கும் புழங்குகின்றன. அதே பெயரில் போலிகளும் புழங்குகின்றன. 2014-இல் அந்த நிறுவனத்தின் புது டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாகக் கம்ப்யூட்டர்களுக்குள் தானாக வந்து இறங்கியது. போலிச் சில்லு என்று கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக மாற்றி எழுதியது. அதற்குப் பிறகு அந்த மாற்றியை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அதன் பழைய அடையாளம் தெரியாது. எதிர்ப்பு கிளம்பியதும் டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலிகளால் நஷ்டப்பட்ட நிறுவனத்தின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடையில் காசு கொடுத்து மாற்றி வாங்கியவருக்கு உள்ளே இருப்பது அசலா போலியா என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை. நேற்று வரை பேசிய கம்பி இன்று ஏன் பேசவில்லை என்று அவர் தேடத் தொடங்கும்போது, அப்டேட்டின் மேல் சந்தேகம் கடைசியாகத்தான் வரும்.

இத்தனைக்கும் நடுவில் இந்தப் பெட்டிகளை ஓட வைத்துக்கொண்டிருப்பவர்கள் சர்வீஸ் டெக்னீஷியன்கள். பெரும்பாலும் தனியாள், அல்லது ஒரு சிறு கடை, வருடத்துக்கு ஒரு ஏ.எம்.சி. தொகை. அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பையில் இரண்டு லேப்டாப் இருக்கும். ஒன்று புதியது. மற்றொன்று, மூடியில் விரிசல் விட்ட, விண்டோஸ் எக்ஸ்.பி. ஓடும் பழையது; அதில் சீரியல் போர்ட் பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்பதற்காகவே விற்காமல் வைத்திருப்பது. "அண்ணா, புது சிஸ்டத்துல இது வராதா?" என்று ரிசப்ஷன் பெண் கேட்பார். "நேரா வராதும்மா. உள்ள ஒரு பழைய விண்டோஸ உக்கார வச்சுத் தரேன். ஆனா அதுல நெட் மட்டும் குடுக்காதீங்க" என்பார் அவர். புதுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் பாக்ஸ் நிறுவி, அதற்குள் எக்ஸ்.பி., அதற்குள் அந்த மென்பொருள். நெட்வொர்க் கார்டை அணைத்துவிட்டு யூ.எஸ்.பி. மாற்றியை மட்டும் உள்ளே கடத்திவிடுவார். டிவைஸ் மேனேஜரில் காம் 7-ஐ காம் 2 ஆக்குவார். வேகம் 9600 என்று வைப்பார். இணைப்பு கிடைத்ததும் எந்த மாற்றத்தையும் தொடாமல் முதலில் பேக்கப் எடுப்பார். எடுத்ததைத் திறந்து, எக்ஸ்டென்ஷன் எண்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்ப்பார். இந்த வரிசை எந்தக் கையேட்டிலும் இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவர் கற்றது. அவர் ஓய்வு பெறும்போது அந்த அறிவை யாருக்குக் கொடுப்பார் என்று கேட்க ஓர் அலுவலகத்துக்கும் தோன்றுவதில்லை.

"நெட் மட்டும் குடுக்காதீங்க" என்று அவர் சொல்வதில் இந்தப் பிரச்சினையின் மறுபக்கம் இருக்கிறது. இயங்குதளம் செய்கிறவர்கள் பழையதை வெட்டிவிடுவது வெறும் வியாபாரத்துக்காக என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும், அது முழு உண்மை ஆகாது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்னும் தீநிரல் பரவியபோது இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-இன் 236 டிரஸ்டுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நாள்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்ட இடங்களில்தான் அடி விழுந்தது. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்.பி.க்கோ, தாக்குதல் நடந்த பிறகுதான் திருத்தம் பொதுவில் வந்தது. ஒவ்வொரு பழைய வாசலையும் திறந்து வைத்திருப்பது காவல் காக்கிறவருக்குச் சுமை. 16-பிட் நிரலுக்காக ஒரு பழைய அடுக்கை எல்லாக் கம்ப்யூட்டரிலும் நிரந்தரமாக வைத்திருக்கச் சொல்லும் உரிமை நமக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அப்படியானால் கடன் யாருடையது? பெட்டியை விற்றவருடையது என்பதே என் பதில். விண்டோஸ் மாறும் என்பது விற்றவருக்குத் தெரியும். பெட்டி அதைவிட நீண்ட நாள் உழைக்கும் என்பதும் தெரியும், அதைச் சொல்லித்தான் விற்றார். இரண்டும் தெரிந்திருந்தும், பெட்டியோடு பேசும் முறையைத் தன் நிரலுக்குள் பூட்டி, அந்த நிரலைக் குறிப்பிட்ட ஒரு விண்டோஸோடு கட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

போவது சொல்லளவில் இல்லை, உண்மையாகவே போகிறார்கள். கனடாவின் நார்டெல் ஒரு காலத்தில் உலக அலுவலகங்களுக்கெல்லாம் மெரிடியன், நார்ஸ்டார் தொலைபேசி இணைப்பகங்களை விற்றது. 1895-இல் வேர்விட்ட அந்த நிறுவனம் 2009 ஜனவரி 14 அன்று திவால் பாதுகாப்பு கோரியது. அலுவலகத் தொலைபேசிப் பிரிவை அதே வருடம் அவாயா 90 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தது. அந்த அவாயாவே 2017-இலும் 2023-இலும் திவால் மனு போட்டது. கைமாறும் ஒவ்வொரு முறையும் காப்புரிமைகளும் வாடிக்கையாளர் பட்டியலும் விலை பேசி ஒப்படைக்கப்படுகின்றன. சுவரில் மாட்டிய பெட்டியை இனி யார் திறந்து காட்டுவார் என்ற கேள்விக்கு அந்தப் பேரத்தில் விலை இல்லை.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஐ.பி.எம். 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360-க்காக எழுதிய நிரல்களை, அதன் வழிவந்த இன்றைய மெயின்பிரேம்களில் இப்போதும் ஓட்ட முடிகிறது. வங்கிகளுக்குக் கொடுத்த வாக்கு என்பதால் காப்பாற்றினார்கள், அதற்குக் காசும் வாங்கினார்கள். லினக்ஸ் கெர்னலில், புதுப் பதிப்பு வந்ததால் பயனரின் பழைய நிரல் உடையக் கூடாது என்பதை லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டிப்பான விதியாகவே வைத்திருக்கிறார். நம் நாட்டு உதாரணம் சி-டாட். 1984-இல் தொடங்கிய அந்த அரசு மையம், ஏ.சி. இல்லாத அறையிலும் வெயிலைத் தாங்கும் 128 லைன் கிராம இணைப்பகத்தை வடிவமைத்தது. 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது இயங்கத் தொடங்கியது. அதைத் தானே பூட்டி வைத்துக்கொள்ளாமல் பல தயாரிப்பாளர்களுக்கு உரிமம் கொடுத்தது. ஒரு தொழிற்சாலை மூடினாலும் அந்தப் பெட்டியை அறிந்தவர்கள் இன்னொரு தொழிற்சாலையில் இருந்தார்கள். இன்று தனியார் பெட்டி வாங்கியவர்களுக்கு இல்லாமல் போனது இந்த ஏற்பாடுதான்.

சட்டமும் நாம் நினைப்பது போல முழுக்க எதிர்ப்பக்கம் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ab) பிரிவு, முறைப்படி ஒரு மென்பொருளை வைத்திருப்பவர், தனியாக உருவாக்கிய இன்னொரு நிரலை அதோடு ஒத்தியங்க வைக்கத் தேவையான தகவலைப் பெறுவதை அனுமதிக்கிறது, அந்தத் தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காத பட்சத்தில். சீரியல் கம்பியில் போகும் எழுத்துகளைப் பதிவு செய்து, பெட்டியின் பேச்சுமுறையைக் கண்டுபிடித்து, புது விண்டோஸில் ஓடும் ஒரு நிரலை எழுத ஒரு நல்ல பொறியியல் மாணவரால் முடியும். பல கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்ட வேலை என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரே மாதிரியான வருகைப் பதிவு மென்பொருள் எழுதப்படுகிறது. அதில் ஒரு குழு ஊர் மருத்துவமனையின் இன்டர்காமை எடுத்துக்கொண்டால் எவ்வளவு பயன் என்று நான் யோசிப்பதுண்டு.

அலுவலகங்கள் செய்ய வேண்டியதும் உண்டு, அதைத் தள்ளிப்போட நியாயம் இல்லை. டெக்னீஷியன் அடுத்த முறை வரும்போது முழு அமைப்பையும் காகிதத்தில் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். எந்த எக்ஸ்டென்ஷன் எந்த அறை, எது எந்த ரிங் குரூப், எந்தப் போனுக்கு வெளி லைன் உண்டு, இரவு முறையில் என்ன மாறும், புரோக்ராமிங் கடவுச்சொல் என்ன. பெட்டி செத்துப்போகும் நாளில், அந்தத் தாளைப் பார்த்து இன்னொரு பெட்டியில் ஒரே மாலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம். தாள் இல்லாவிட்டால் ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கும், அந்தச் சமயத்தில் எந்தப் போனும் அடிக்காது. புதிதாக வாங்குகிறவர்கள் கொள்முதல் ஆணையிலேயே ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: பெட்டியின் அமைப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்க வழி இருக்க வேண்டும், அதைப் படிக்க விற்றவரின் நிரல் தேவைப்படக் கூடாது.

இணைப்பகத் தயாரிப்பை விட்டு விலகும் நிறுவனங்களுக்கும் இன்னும் அவகாசம் இருக்கிறது. புரோக்ராமிங் மென்பொருளின் கடைசிப் பதிப்பு, பெட்டியோடு பேசும் முறையை விளக்கும் கையேடு, பூட்டிய வசதிகளைத் திறக்கும் சாவி எண்களை உருவாக்கும் வழி. இந்த மூன்றையும் பதிவு, கட்டணம் எதுவும் இல்லாமல் பொதுவில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இனி விற்கப்போவதில்லை என்று அவர்களே அறிவித்துவிட்ட பொருளின் ரகசியம் அது. வெளியே தெரிந்தால் அவர்களுக்கு நஷ்டம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. தாமாகச் செய்யாதவர்களைச் செய்ய வைக்கும்படி விதி எழுதுவது அரசின் வேலை, அந்த விதியைக் கேட்க வேண்டியவர்கள் பெட்டிக்குக் காசு கொடுத்த நாம்.