காற்றைக் குறைக்கும் பொத்தான்



சென்ற வாரம் வியாதியாயிருக்கும் ஒரு பாட்டியம்மாளுக்கு நற்கருணை கொடுக்கப் போயிருந்தேன். அறைக்கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. ஏ.ஸி. 18 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. காற்றோ முழு வேகத்தில் நேரே கட்டிலின்மேல் வீசியது. பாட்டி தலைவரை போர்த்துச் சுருண்டு கிடந்தார்கள்.

“காற்றைக் குறைக்கச் சொல்லக்கூடாதா?” என்றேன்.

“பேரன் நாளெல்லாம் வெயிலில் அலைந்துவிட்டு வருகிறான், சாமி. எனக்குத்தான் போர்வை இருக்கிறதே” என்றார்கள்.

பேரனை விசாரித்தேன். “பாட்டி ஒன்றும் சொல்லவில்லையே, சாமி” என்றான்.

அவன் கெட்ட பிள்ளையல்ல. அந்த இயந்திரத்தை வாங்கியதே பாட்டிக்காகத்தான். அன்பு இருந்தது, விசாரிப்புத்தான் இல்லை.

டிகிரி வேறு, காற்றின் வேகம் வேறு என்பதை நம்மில் அநேகர் கவனிப்பதில்லை. அறை எந்த அளவுக்குக் குளிரவேண்டும் என்பதற்கு டிகிரி. அந்தக் குளிர்ச்சி எவ்வளவு விரைவாகப் பரவ வேண்டும் என்பதற்கு வேகம். வெயிலில் வந்தவர் டிகிரியை 16-க்கு இறக்குகிறார். அவருக்கு வேண்டியதோ சற்றுநேரம் வேகமான காற்று.

ஆகையால் முதற் கால்மணி நேரம் காற்று ‘ஹை’யில் வீசட்டும். அறை குளிர்ந்தபின் ‘லோ’வுக்குக் குறையுங்கள். ‘ஆட்டோ’வில் வைத்தால் இயந்திரம் தானே இப்படிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நம் கடற்கரைப் பக்கத்துப் புழுக்கத்திற்கும் இதுவே நல்லது. மெதுவாகச் செல்லும் காற்று உள்ளேயிருக்கும் குளிர்ந்த குழாய்ச்சுருளில் அதிக நேரம் பட்டு, தன் ஈரத்தை அங்கே அதிகமாக விட்டுவருகிறது. ஈரம் குறைந்தால் 25 டிகிரியே சுகமாயிருக்கும். காற்று படுத்திருப்பவர்மேல் விழாதபடி அதன் மடலை மேல்நோக்கித் திருப்பி வையுங்கள். வடிகட்டியையும் அடிக்கடி கழுவுங்கள். அதில் தூசி அடைத்திருக்கக் காற்றையும் குறைத்தால் சுருளில் பனிக்கட்டி கட்டிவிடும்.

1902-ஆம் ஆண்டில் வில்லிஸ் காரியர் என்பவர் அமெரிக்காவின் புரூக்ளினில் இவ்வகை இயந்திரத்தை முதலில் அமைத்தது மனிதருக்காக அல்ல. ஓர் அச்சகத்தின் காகிதம் ஈரத்தால் நீண்டு சுருங்கி அச்சைக் கெடுக்காதிருக்கவே. காகிதத்துக்கே இவ்வளவு கவனம் என்றால், நம்மைத் தோளில் சுமந்து வளர்த்தவர்களுக்கு எவ்வளவு வேண்டும்!

தாய் தகப்பனைச் சங்கிக்கச் சொல்லும் நான்காம் கற்பனை பெரிய தியாகங்களை மட்டும் கேட்பதில்லை. ஒரு பொத்தானை அழுத்துவதையும் கேட்கிறது. முதியவர்கள் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். பாரமாகிவிடுவோமோ என்ற பயம் அவர்கள் நாவைக் கட்டிப்போடுகிறது. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்ளாதிருங்கள்.

இன்றிரவு ஜெபமாலை முடிந்து விளக்கை அணைக்குமுன், வீட்டில் மூத்தவரின் காலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால், அவர் கேட்பதற்கு முன்னே காற்றைக் குறையுங்கள்.