அகமும் அங்காடியும்

கல்கத்தா மாநகரின் தென்மேற்கு மூலையில், ஊக்ளி ஆற்றின் கரையில் அமைந்தது நம் கார்டன் ரீச். ஆங்கிலேயச் செல்வர்களின் தோட்ட மாளிகைகள் ஒரு காலத்தில் இங்கு வரிசையாக நின்றமையால் இப்பெயர் பெற்றது. வங்காள நாகபுரி இரயில்வேயின் தலைமையகம் இங்கே எழுந்தது. 1955ஆம் ஆண்டில் தென்கிழக்கு இரயில்வே உருவானபோது அதன் தலைமையகமும் இங்கேயே அமைந்தது. கப்பல் கட்டும் துறையும் வளர்ந்தது. இவற்றையும் இவற்றைச் சார்ந்த அலுவலகங்களையும் நம்பித் தெற்கிலிருந்து புறப்பட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்றில் பிறந்தவன் நான்.

இவ்வூருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கடல் கடந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற மக்களைக் கப்பலேற்றும் முன் தங்கவைத்த முகாம்கள் இவ்வாற்றங்கரையில் இருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடலில் காணும் தழும்பு அல்லது மச்சம் ஆகிய யாவும் அதில் ஏறின. 1860ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்ட நம்மவர்களின் பட்டியலும் இத்தகையதே. அதன்பின் 1897ஆம் ஆண்டில், விரல் ரேகையைக் கொண்டு மனிதரை அடையாளம் காணும் உலகின் முதல் அலுவலகம் இதே கல்கத்தாவில் தோன்றியது. அசிசுல் ஹக், ஹேம சந்திர போசு என்னும் இந்திய அதிகாரிகள் இருவரின் உழைப்பு அம்முறைக்கு அடிப்படையாயிற்று.

ஆகவே, மனிதரைக் குறித்து வைக்கும் கலை இந்நகருக்குப் புதிதன்று. ஆயினும் அப்பழைய ஏடுகள் மனிதனின் புறத்தையே அளந்தன. தழும்பை எழுதிய எழுத்தர், அத்தழும்பைச் சுமந்தவனின் அச்சத்தை எழுதவில்லை. எழுத அவருக்கு வழியும் இல்லை. இன்று அகத்தையே குறித்து வைக்கும் ஏடு ஒன்று தோன்றியுள்ளது. அதனைப் பற்றியே இக்கட்டுரை.

ஒரு வீட்டு நிகழ்ச்சி

சென்ற ஆண்டு என் துணைவியாரின் மார்பில் சிறு கட்டி ஒன்று தென்பட்டது. என்னிடம் மட்டுமே சொன்னார். “டாக்டரைப் பார்த்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இப்போது தெரிய வேண்டாம்” என்றார். அன்றிரவு உறக்கம் வராமல், கைப்பேசியில் அந்நோயைப் பற்றி நான் தேடிப் படித்தேன். இரண்டு நாள் கழியவில்லை. என் கைப்பேசியில் புற்றுநோய்க் காப்பீடு, பரிசோதனைச் சலுகை, மார்புக் கட்டியைக் கரைப்பதாகக் கூறும் மூலிகைப் பொடி என விளம்பரங்கள் வரிசையாக வரத் தொடங்கின.

ஞாயிறன்று என் பேத்தி பாட்டுக் கேட்பதற்காக அக்கைப்பேசியை எடுத்தாள். சிறிது நேரத்தில் நிமிர்ந்து, “தாத்தா, இதெல்லாம் ஏன் உங்க போன்ல வருது? பாட்டிக்கு ஏதாவதா?” என்று கேட்டாள். அடுக்களை வாயிலில் அவள் பாட்டி நின்றுகொண்டிருந்தார்.

கட்டி தீங்கற்றது என்று பின்னர் அறிந்தோம். ஆயினும் அந்த ஞாயிற்றுக்கிழமையை என்னால் மறக்க இயலவில்லை. அச்செய்தியை எப்பொழுது, யாரிடம், எந்தச் சொல்லால் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. அது அவர் கையிலிருந்து பறிபோயிற்று. பறித்தவர் யார் என்று சுட்டிக் காட்டவும் எனக்குத் தெரியவில்லை. அவருடைய இசைவைப் பெற்றே இதனை இங்கு எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத ஏலம்

இது எங்ஙனம் நிகழ்கிறது? 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுல்லி என்னும் இளைஞர், குக்கீ எனப்படும் சிறு குறிப்பை உருவாக்கினார். இணையத்தில் கடை வைத்திருப்பவரின் கணிப்பொறிக்கு நினைவாற்றல் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்பவர் அதற்கு ஒவ்வொரு முறையும் புதியவரே. கூடையில் பொருளை எடுத்து வைத்தவர் யார் என்பதை நினைவில் கொள்ள, வாடிக்கையாளரின் கணிப்பொறியிலேயே ஓர் அடையாளத்தை எழுதி வைக்கும் உத்தி அது. நோக்கம் நல்லதே.

ஆயின் நாளடைவில், ஒரே விளம்பர நிறுவனத்தின் துண்டு ஆயிரக்கணக்கான பக்கங்களில் இடம்பெற்றது. அந்நிறுவனம் எந்தப் பக்கத்திலும் தன் அடையாளத்தைப் படித்து, ‘இவர் நேற்று அங்கிருந்தவரே’ என்று அறிந்துகொள்ளலாயிற்று. கைப்பேசி வந்தபின் ஒவ்வொரு கருவிக்கும் விளம்பரத்திற்கென்றே தனி எண் ஒன்று அமைந்தது. நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அது முழுவதும் தோன்றுவதற்குள், நம் கண்ணின் முன் விளம்பரம் வைக்கும் உரிமை ஏலம் விடப்படுகிறது. நம்மைப் பற்றிய குறிப்புகள் ஏலம் கேட்போரிடம் செல்கின்றன. கண் இமைப்பதற்குள் ஏலம் முடிந்துவிடுகிறது. விற்கப்படும் பொருள் நம் கவனம். விலை பேசுகிறவர்கள் நாம் அறியாதவர்கள்.

இம்மலரின் இறுதிப் பக்கங்களிலும் விளம்பரங்கள் உண்டு. புடைவைக் கடையும் உணவு விடுதியும் தந்த பொருளுதவியால்தான் இது அச்சேறுகிறது. விளம்பரம் தீயது என்று நான் கூறவில்லை. ஆனால் அப்பக்கம் எல்லோரிடமும் ஒரே சொல்லையே பேசுகிறது. படிப்பவர் முகத்தை அது திரும்பிப் பார்ப்பதில்லை. எந்த வரியில் அவர் தயங்கினார் என்று கடைக்காரருக்குச் சென்று சொல்வதும் இல்லை.

ஒளிக்க என்ன இருக்கிறது?

“நேர்மையாக வாழ்பவனுக்கு ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று நண்பர் சிலர் கேட்பர். அவர்களுக்கு நம் பெற்றோர் எழுதிய கடிதங்களை நினைவூட்டுவேன். அரிசி விலையும் மழையும் அஞ்சலட்டையில் போகும். தங்கையின் திருமணப் பேச்சு, வாங்கிய கடன், தந்தையின் உடல்நலம் ஆகியவை ஒட்டி மூடிய உள்நாட்டுக் கடிதத்தில் போகும். இரண்டையும் எழுதியவர் ஒருவரே. மூடிய கடிதத்தில் குற்றம் எதுவும் இல்லை. சில செய்திகளுக்கு உரியவர் சிலரே என்னும் நுட்பம் அதில் இருந்தது. மறைவு வேறு, கள்ளம் வேறு என்பதை நம் அன்னையர் நூல் படித்து அறியவில்லை; கடிதம் ஒட்டும்போதே அறிந்திருந்தனர்.

இன்னொரு வாதம் இதனினும் வலியது. “இரயில்வே குடியிருப்பில் யாருக்கு என்ன மறைவு இருந்தது? யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அனைவரும் அறிவர். அன்று வராத கூச்சம் இன்று ஏன்?” என்பர். உண்மைதான். நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு மாதம் என் தந்தையார் சம்பளத்தின் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டார். அதனை அடுத்த வீட்டு மாமி எப்படியோ அறிந்துகொண்டார். யாரிடமும் ஒன்றும் கேளாமல், “அதிகமா வடிச்சுட்டேன்” என்று சொல்லிச் சோற்றுப் பாத்திரத்தை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அவர் எங்களைப் பற்றி அறிந்திருந்தார். அறிந்ததனால் ஒரு கடமையையும் ஏற்றுக்கொண்டார். அவர் வீட்டுத் துன்பத்தை நாங்களும் அறிவோம். குடியிருப்பில் வம்பு பேசியவர்களும் உண்டு. ஆனால் அவர்களுக்கு முகம் இருந்தது. வாயிற்படியில் நிறுத்தி, ‘ஏன் சொன்னீர்கள்?’ என்று கேட்க முடிந்தது.

இதே கார்டன் ரீச்சின் பக்கத்தில், மேட்டியாபுரூசில், 1856ஆம் ஆண்டு முதல் தம் இறுதிக் காலம் வரை வாழ்ந்தவர், அரசிழந்த அவத் மன்னர் வாஜித் அலி ஷா. அவரைக் கவனிக்க ஆங்கில அரசு தனி அதிகாரியை நியமித்திருந்தது. நாடிழந்த அம்மன்னருக்குக்கூடத் தம்மைக் கண்காணிப்பவர் யார் என்பது தெரிந்திருந்தது. நமக்கு அதுவும் தெரிவதில்லை.

இங்கேதான் அறத்தின் கேள்வி பிறக்கிறது. ஒருவரை அறிதல் என்பது வெறும் செய்தி சேர்த்தல் ஆகாது. அஃது ஓர் உறவு. ஒருவரின் துன்பத்தை அறிந்தவனுக்கு அத்துன்பத்தின்பால் கடமை உண்டு. மாமி அறிந்தபோது சோறு வந்தது. இயந்திரம் அறிந்தபோது மூலிகைப் பொடி வந்தது. மனிதன் தளர்ந்திருக்கும் வேளையை அறிந்து, அவ்வேளையை விலைக்கு விற்பது, அறிவை அறத்திலிருந்து பிரிப்பதாகும். கடமையை ஏற்காதவனுக்கு அறியும் உரிமை இல்லை என்பதே என் துணிபு.

பெயர் சுட்டாத மரபு

இந்நுட்பத்தைத் தமிழ் மரபு தொன்மையிலேயே உணர்ந்திருந்தது. ஒருவன் ஒருத்தியின் அன்பைப் பாடும் அகத்திணையில், அவ்வன்பிற்கு உரியவரை இன்னார் என்று பெயர் சுட்டலாகாது எனத் தொல்காப்பியம் விதித்தது. போரும் கொடையும் புறம்; அங்கே மன்னன் பெயர் உண்டு, ஊர் உண்டு, குலம் உண்டு. அகத்தில் தலைவன், தலைவி, தோழி, தாய் என்பவர்களே உளர். உள்ளத்தின் நிகழ்ச்சியை ஊரறியப் பாடலாம். ஆயின் உரியவரை ஊரார் கையில் ஒப்படைக்கலாகாது. இதனினும் நாகரிகமான மறைவுச் சட்டம் ஒன்றை நான் அறியேன்.

விளம்பர நிறுவனங்களும் இதையே போன்ற சொல்லைக் கூறுகின்றன: “உங்கள் பெயர் எங்களிடம் இல்லை, வெறும் எண்தான் உள்ளது.” இரண்டும் ஒன்றா? சற்றே சிந்திப்போம். புலவர் பெயரை நீக்கியது, அவ்வன்பு எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்பதற்காக. பாடலைப் படித்து எவரும் அத்தலைவியின் வீட்டைத் தேடிச் செல்ல இயலாது. நிறுவனம் பெயரை நீக்கி எண்ணை வைப்பது, அதே ஒருவரை மீண்டும் மீண்டும் தவறாமல் வந்தடைவதற்காக. பெயர் தெரியாமலே என் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் அது நுழைந்துவிட்டது அன்றோ?

திருக்குறள் ஒற்றாடலைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தது. நாடு காக்கும் பொறுப்புடைய வேந்தனுக்கு உரிய கருவியாக அதனைக் கூறிற்று. இல்லறத்தானுக்கு வகுத்த அதிகாரம் புறங்கூறாமை. வேந்தனின் கருவியை வணிகன் கையில் எடுத்துக்கொண்டதே நம் காலத்தின் குழப்பம்.

சட்டத்தின் எல்லை

சட்டம் உறங்கிவிடவில்லை. குக்கீ பிறந்த அதே 1994ஆம் ஆண்டில், நக்கீரன் ஆசிரியர் இராசகோபால் தொடுத்த வழக்கில், தனித்து விடப்படும் உரிமை வாழ்வுரிமைக்குள் அடங்கியது என்று உச்சநீதிமன்றம் கூறியது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டில் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடை செய்கிறது.

இத்தேவை கற்பனையன்று. முகநூலில் எட்டுக் கோடியே எழுபது இலட்சம் பேர் வரையிலானோரின் குறிப்புகள், கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தைத் தகாத வழியில் அடைந்திருக்கலாம் என்று 2018ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவர்களுள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரும் அடங்குவர் என முகநூல் நிறுவனமே கணக்கிட்டது. அவர்களில் மிகப் பலர் எதற்கும் இசைவு தந்தவர் அல்லர். அவர்களுடைய நண்பர் ஒருவர் ஒரு வினாப் பட்டியலுக்கு விடையளித்தார், அவ்வளவே.

இந்த இடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஏதோ ஒரு செயலி நம் தொலைபேசிப் பட்டியலைக் கேட்கிறது. நாம் ‘சரி’ என்று விரலை வைக்கிறோம். அப்போது நாம் தருவது நம்முடையதன்று. ஊரிலுள்ள அத்தையின் எண், கரக்பூரில் உள்ள சம்பந்தியின் எண், நம்மை நம்பித் தந்தவர்களின் எண்கள். நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் வரன் தேடுவோர் குறிப்பேடும் அத்தகையனவே. பிறந்த நாள், சம்பளம், சாதகம் ஆகியவற்றை நம்பிக்கையின் பேரில் தந்திருக்கிறார்கள். பட்டியலைக் கேட்டு ஒரு வணிகர் வந்தால், அவர் மலருக்கு எத்தனை பக்கம் விளம்பரம் தந்தவராயினும், இல்லை என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். பெரிய நிறுவனங்களிடம் எதிர்பார்க்கும் அறத்தை நம் மேசையின் இழுப்பறையிலேயே தொடங்குவோம்.

என் கைப்பேசியில் அவ்விளம்பர எண்ணை அழிக்கும் வழியை என் பேத்திதான் கண்டுபிடித்துத் தந்தாள். தேவையற்ற இசைவுகள் சிலவற்றையும் நீக்கினாள். அதனால் எல்லாம் நின்றுவிடவில்லை. நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. வேலை முடிந்ததும் அவள் பாட்டியிடம் சென்று, “அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, இல்ல?” என்றாள். “நீ கேட்டதில தப்பில்லைடி. நானே உன்னிடம் சொல்லியிருப்பேன்” என்றார் அவர்.

தாமே சொல்லும் அந்த வாய்ப்பு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். அதனைக் காப்பதும் அறமே.