கொடுத்தவரும் வாங்கினவரும்



இங்கிலீஷ் படிக்கும் நம் பிள்ளைகள் ‘லெண்ட்’, ‘பாரோ’ என்னும் இரண்டு சொற்களை அடிக்கடி மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். முன்னது கடன் கொடுப்பது. பின்னது கடன் வாங்குவது. தமிழிலோ இரு பக்கத்துக்கும் ‘கடன்’ என்ற ஒரே சொல்தான். அதற்குக் கடமை என்றும் பொருள் உண்டு. ஆகவே இருவருக்கும் கடமை உண்டு.

பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்ததும், நம் மேலூர்ப் பக்கத்தில் விதைக்கும் உழவுக்கும் கைமாற்றுக் கேட்டு ஒருவர் வாசலில் மற்றவர் நிற்பதுண்டு. கொடுப்பவர்களே, அவரைக் காக்க வைக்காதீர்கள். நாலு பேர் நடுவே சொல்லிக் காட்டாதீர்கள். திரும்ப வரும் என்று எதிர்பாராமல் கொடுக்கும்படி நம் ஆண்டவர் போதித்தார் (லூக்காஸ் 6-ம் அதிகாரம்).

வாங்குபவர்களே, அந்தப் போதனை கொடுப்பவருக்குச் சொன்னது. அதைக் காட்டி நீங்கள் தவணையைத் தட்டிக் கழிக்கலாகாது. குறித்த காலத்தில் திருப்பிக் கொடு என்கிறது சீராக் ஆகமம் 29-ம் அதிகாரம். ஏமாந்துபோவோம் என்ற பயத்தால் பலர் கொடாமல் கையை மூடிக்கொள்கிறார்கள் என்றும் அது சொல்கிறது. ஒருவர் திருப்பாத கடன், அடுத்த ஏழைக்கு அடைத்த கதவு! நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், புதுத்துணி எடுக்குமுன் கொடுத்தவர் வீட்டுப் படியேறுங்கள். முழுதும் முடியாவிட்டால் ஒளிந்து திரியாமல், உள்ளதைக் கொடுத்துத் தவணை கேளுங்கள்.

இரவல் வாங்கிய மண்வெட்டியோ அண்டாவோ வீட்டில் கிடந்தால், அடுத்த ஞாயிறு பூசைக்கு வருமுன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.