மருந்து யாருக்காக?

வயது முதிர்ந்து, அறிந்திருந்த யாவற்றையும் அறியாதவராகிவிடும் நிலைக்கு மனிதரில் சிலர் கொண்டு செல்லப்படுவர் என்று அருள்மறையாம் திருக்குர்ஆன் அந்நஹ்ல் அத்தியாயத்திலும் அல்ஹஜ் அத்தியாயத்திலும் எடுத்துரைக்கின்றது. அந்தத் தள்ளாத வயதின் இழிநிலையிலிருந்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி வந்தார்கள் என்பதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பெருமானார் பாதுகாவல் தேடிய அந்நிலை இன்று நம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருக்கின்றது.

காவிரிப் பாசனத்தில் நம் மக்கள் வாழும் ஊர்களை எண்ணிப் பாருங்கள். ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, கூத்தாநல்லூர், அடியக்கமங்கலம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் முதியவரும் மருமகளும்தான். ஐம்பது ஆண்டு குறுவையும் சம்பாவும் கண்ட பெரியவர், என்றோ விற்றுப்போன வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச நடுநிசியில் எழுந்து கதவைத் தட்டுகிறார். லுஹர் தொழுத ஈரம் காயுமுன் மறுபடியும் ஒளூச் செய்யப் போகிறார். பெற்ற மகளையே பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளைம்மா?" என்று கேட்கிறார்.

இதை வெறும் முதுமை என்று விட்டுவிடுவதற்கில்லை. 1906-ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் எடுத்துரைத்த நோய், அவர் பெயராலேயே அல்சைமர் நோய் எனப்படுகிறது. அறிவுத்தேய்வு நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், அறிவுத்தேய்வுடன் வாழ்வதாக 2023-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. தைராய்டு குறைவாலும் வைட்டமின் பி12 குறைவாலும்கூட மறதி வரலாம், அவை தீர்க்கக்கூடியவை. ஆகவே முதலில் சோதித்துப் பார்ப்பதே முறை. அல்சைமர்தான் என்று உறுதியானால் டாக்டர் சில மருந்துகளை எழுதித் தருவார். அவை நோயை வேரோடு நீக்குவதில்லை. நினைவும் நடமாட்டமும் சில காலம் தாக்குப்பிடிக்கத் துணை செய்யும்; அவ்வளவே.

நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இங்கேதான் பிறக்கிறது. மருந்து வேண்டுமா வேண்டாமா என்று சீர்தூக்கிப் பார்க்கும் அறிவை இழந்துவிட்ட ஒருவருக்கு மருந்து கொடுக்க நமக்குள்ள உரிமை என்ன? அதன் எல்லை எது?

தவக்குல் யாருடையது?

"முதுமைக்கு ஏது மருந்து? அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போடுங்கள்" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. முதுமை தவிர ஏனைய நோய்களுக்கெல்லாம் மருந்து உண்டு என்று நவின்ற நபிமொழியை அவர்கள் எடுத்துக் காட்டுவர். அந்நபிமொழி எப்படித் தொடங்குகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்ற ஏவலே அதன் தொடக்கம். முதுமையை மாற்ற முடியாது என்பது உண்மை. முதுமையில் வந்த நோயின் வேதனையைத் தணிக்கக் கூடாது என்று அதற்குப் பொருளில்லை.

தவக்குலைப் பற்றி எழுதவந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பலன் உறுதியானவற்றையும் பலன் பெரும்பாலும் கிடைக்கக்கூடியவற்றையும் பிரித்துக் காட்டுகிறார்கள். தாகத்துக்குத் தண்ணீரும் பசிக்கு உணவும் முதல் வகை. மருத்துவம் இரண்டாம் வகை. முதலாவதைக் கைவிடுவது தவக்குல் ஆகாது. இரண்டாவதை நாடுவது தவக்குலுக்கு மாறும் ஆகாது. தெளிந்த அறிவுள்ள நோயாளி இவ்விரண்டாம் வகையை வேண்டாமென்று விட்டால் அவரைப் பாவி என்று சொல்வதற்கில்லை. ஆனால் தன் உடலைக்கொண்டு தவக்குல் செய்ய ஒருவருக்கு உரிமை உண்டே அன்றி, இன்னொருவர் உடலைக்கொண்டு தவக்குல் செய்ய நமக்கு ஏது உரிமை? அறிவு குன்றிய அத்தாவின் நலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதப் பொருளைத் திறந்த வெளியில் போட்டுவிட்டு, அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று சொல்வாருண்டோ?

ஒரு சொல், இரு பொருள்

கொடுப்பது கடமை என்றானபின், சரியாகக் கொடுப்பதும் கடமையாகிவிடுகிறது. நம் பகுதியில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. டாக்டர் தருவதும் மருந்து. வயலில் அடிப்பதும் மருந்து. "மருந்தைக் குடித்துவிட்டான்" என்று காதில் விழுந்தால் நெஞ்சு பதறுகிறதே, ஏன்? இந்நோய்க்குத் தரப்படும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் ஆகிய மூன்றும் மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து வேலை செய்பவை. பூச்சியைக் கொல்ல வயலில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் தடுப்பதும் அதே நொதியைத்தான். ரிவாஸ்டிக்மினே கார்பமேட் இனத்தைச் சேர்ந்தது. இதைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டாம். டாக்டர் குறித்த அளவில் அது துணை. அளவு மீறினால் வாந்தி, பேதி, எச்சில் ஒழுகுதல், வியர்வை, நாடி தளர்தல், மூச்சுத் திணறல் என்று வயல்காட்டில் நாம் கண்டறிந்த அதே அடையாளங்கள் தோன்றும். அப்போது 108-க்குச் சொல்லத் தாமதிக்கலாகாது.

மறதியுள்ளவர் கையில் மாத்திரைப் பெட்டியை ஒப்படைப்பதே முதல் ஆபத்து. போட்டதை மறந்து மீண்டும் போடுவார். காலையில் ஒரு மருமகளும் சற்று நேரம் கழித்து இன்னொரு மருமகளும் கொடுத்துவிடும் வீடுகளும் உண்டு. கொடுக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும். கொடுத்ததும் நோட்டில் ஒரு கோடு போடட்டும். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் மாத்திரையும் உள்ளூர்க் கடையில் வாங்கியதும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்தாக இருக்கலாம். அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரைப் படித்துப் பாருங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வரும் மாத்திரைகளையும் அந்த நோட்டில் எழுதி, எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும் இரத்த அழுத்த மாத்திரையோடு டோனெபெசில் சேரும்போது மயங்கி விழ நேரலாம். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள் நினைவு மருந்துக்கு நேர் எதிராக வேலை செய்து குழப்பத்தைக் கூட்டும்.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. ரிவாஸ்டிக்மின் மூன்று நாளுக்கு மேல் தடைப்பட்டால் பழைய அளவில் தொடங்காமல், டாக்டரைக் கேட்டுக் குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும். தோலில் ஒட்டும் பட்டையாக இருந்தால், பழையதை எடுத்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும். பழையது முதுகில் இருக்கப் புதியதைத் தோளில் ஒட்டினால் அதுவும் இரட்டை அளவுதான். பசியின்மை, உடல் மெலிதல், கெட்ட கனவு, தலைசுற்றல் ஆகியவற்றைக் கண்டால் நாமே நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வைத்தியம் அறியாதவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்பது நபிமொழி. "எங்கள் நன்னிக்கு இது நன்றாகக் கேட்டது" என்று பக்கத்து வீட்டார் நீட்டும் மாத்திரைக்கும் இது பொருந்தும்.

வேண்டாம் என்று சொன்னவர்

இனிக் கடினமான இடத்துக்கு வருவோம். மருந்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்ன செய்வது?

பெருமானார் (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது நடந்த நிகழ்ச்சி ஒன்றை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது. வீட்டார் பெருமானாரின் வாயோரத்தில் மருந்தை ஊற்றினார்கள். வேண்டாமென்று பெருமானார் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்தின் மேலுள்ள வெறுப்புத்தானே என்று எண்ணி வீட்டார் ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும், தாம் தடுத்ததை நினைவூட்டி, அங்கிருந்தவர்களின் வாயிலும் அதே மருந்தை ஊற்றும்படி பெருமானார் பணித்தார்கள். அவ்வேளையில் உடன் இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மட்டும் விலக்களித்தார்கள்.

அன்பின் மிகுதியால் செய்த செயல்தான் அது. அப்படியிருந்தும் நோயாளியின் சைகைக்கு மதிப்பு உண்டு என்று உம்மத்துக்குக் கற்பிக்கப்பட்டுவிட்டது. மருந்து நம் வாய்க்குள் ஊற்றப்பட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் பாடமும் அதில் இருக்கிறது.

பெருமானாரின் அறிவு தெளிவானது; நம் முதியவரின் நிலை வேறு என்பது சரியே. அறிவு திரும்பும்வரை எழுதுகோல் உயர்த்தப்பட்டோரில் அவர் சேர்ந்திருக்கலாம். எழுதுகோல் உயர்த்தப்பட்டது அவருடைய குற்றங்களை எழுதாமலிருக்கத்தான். அவரிடம் நாம் நடந்துகொள்ளும் முறை நம் ஏட்டில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆகவே நோயின் தொடக்கத்தில், அவர் பேச்சில் தெளிவு இருக்கும்போதே, "அத்தா, பின்னால் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் தருகிறது. நோய் முற்றிய பிறகும் ஒவ்வொரு முறையும், "இது உங்கள் மருந்து வாப்பா" என்று சொல்லியே கொடுக்க வேண்டும். மறுத்தால் வற்புறுத்தாமல், சற்று நேரம் கழித்து மீண்டும் செல்லலாம். அப்போது மறுத்ததே அவருக்கு நினைவிராது. புன்னகையோடு வாங்கிக்கொள்வதும் உண்டு.

பேரீச்சம்பழத்திலும் கஞ்சியிலும் மறைத்துக் கொடுக்கலாமா? எடுத்த எடுப்பில் அதைச் செய்வது வஞ்சகம். வேறு வழியெல்லாம் அடைபட்டு, அம்மருந்து இன்றியமையாதது என்று டாக்டர் சொல்லி, வீட்டார் கலந்து முடிவெடுத்தால், பொறுப்பாளன் என்ற முறையில் செய்யலாம் என்றே தோன்றுகிறது. எல்லா மாத்திரையையும் பொடிக்கலாகாது. சிலவற்றைப் பொடித்தால் மெதுவாகக் கரைய வேண்டியது ஒரேயடியாக உடலில் சேர்ந்துவிடும். வாயில் கரையும் மாத்திரை, திரவம், பட்டை என்று மாற்று உண்டா என்று முதலில் கேளுங்கள்.

நம் தூக்கத்துக்கான மாத்திரை

இவ்வளவையும் அளக்க ஒரே அளவுகோல்தான் உண்டு. இந்த மருந்து யாருக்காக? இரவெல்லாம் நடமாடும் முதியவரை அடக்க, சீட்டில்லாமல் கடையில் வாங்கிய தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடுகிறோம். விழித்திருந்து விழித்திருந்து நொந்துபோன பெண்களை நாம் பழிக்கவில்லை. அவர்களுடைய களைப்பு உண்மையானது. ஆனால் அந்த மாத்திரையால் முதியவர் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. மனக்குழப்பத்துக்கான சில வலுவான மருந்துகள் அறிவுத்தேய்வுள்ள முதியோரின் உயிருக்கு ஆபத்தைக் கூட்டுகின்றன என்று 2005-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் டாக்டரே குறைந்த அளவில் சில காலம் தரலாம், அது வேறு.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் மாண்டதைத் தமிழகம் மறக்கவில்லை. இரும்பால் கட்டுவதைக் கண்டு பதறும் நாம், மாத்திரையால் கட்டிப் போடுவதைக் கண்டும் பதற வேண்டாமா? களைப்புக்கு மருந்து, கூட ஒரு கை சேர்வதுதான். ஒரு மருமகள் மட்டும் சுமக்கும் பாரத்தை மகன்மாரும் பேரன்மாரும் இரவு முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளட்டும். வெளிநாட்டில் இருப்பவர் பணத்தோடு விடுப்பையும் கொண்டு வரட்டும்.

நோன்பு நாட்களில்

ரமளான் வந்தால் முதியவர் நோன்பு பிடிப்பேன் என்று அடம்பிடிப்பார். வீட்டார் மருந்தை நிறுத்துவார்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை போடும் மாத்திரையை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். உணவோடு இரு முறை போடுவதைச் சஹரிலும் நோன்பு திறந்த பின்னும் தர முடியுமா என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையால் நோன்பு முறியாது என்று 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. நோன்பு அவர்மீது கடமையா, ஃபித்யா உண்டா என்பது அறிவு எந்த அளவு எஞ்சியுள்ளது என்பதைப் பொறுத்தது. உள்நாட்டு ஹனஃபிகளும் கரையோர ஷாஃபிகளும் தத்தம் மஹல்லா ஆலிமிடம் தெளிவு பெறுக. கேப்ஸ்யூல் உறையின் ஹலால் பற்றி ஐயம் எழுந்தால் மருந்தை எறிந்துவிடாமல், மாத்திரையாக மாற்றித் தரும்படி கேளுங்கள்.

பெற்றோர் முதுமையடைந்தால் அவர்களிடம் சலிப்பின் ஒரு சொல்லும் சொல்லலாகாது என்று சூரத்து பனீ இஸ்ராயீல் நமக்குக் கட்டளையிடுகிறது. மாத்திரையை நீட்டும் கை அந்தச் சலிப்பைக் காட்டிவிடலாம். வாய் மூடியிருந்தாலும் போதாது. நமக்கு மார்க்கத்தைக் கற்பித்தவர் இன்று கலிமாவைத் தேடித் தடுமாறுகிறார். அவர் மறந்ததை அல்லாஹ் மறப்பதில்லை. அவருக்கு நாம் செய்ததையும் மறப்பதில்லை. இறைவா! எங்கள் பெற்றோர்மீது கருணை புரிவாயாக! அவர்களின் அமானிதத்தை நேர்மையோடும் பொறுமையோடும் நிறைவேற்ற எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன்.