பதில் சொல்ல இடம்

ஊரின் விளிம்பில் சில ஆயிரம் வீடுகளுக்குத் திட்டம் போடுகிறவன் செய்வது, தார்மீக ரீதியில் பார்த்தால், ஒரு விசித்திரமான காரியம். யாருக்காகத் தீர்மானிக்கிறானோ அவர்கள் அவன் எதிரில் இல்லை. பலர் இன்னும் பிறக்கவே இல்லை. மற்றவர்கள் எங்கோ ஓர் ஒண்டுக்குடித்தனத்திலோ ஆற்றங்கரைக் குடிசையிலோ இருக்கிறார்கள். தங்கள் பெயரில் ஒரு தாள் மேஜைமீது விரிந்து கிடப்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எங்கே தண்ணீர் பிடிப்பார்கள், பிணத்தை எந்த வழியாக எடுத்துப் போவார்கள், சாயங்காலத்தில் கிழவி எங்கே உட்கார்ந்து யாரைத் திட்டுவாள் என்பதெல்லாம் அந்தத் தாளில் முடிவாகிவிடுகிறது. நாவலாசிரியன் தன் பாத்திரங்கள்மீது கொண்டிருக்கும் அதிகாரத்தைவிட இது பெரிய அதிகாரம். பாத்திரங்கள் சில சமயம் முரண்டு பிடித்து, எழுதுகிறவனை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போவதுண்டு. வரைபடத்தில் உள்ள சதுரங்கள் முரண்டு பிடிப்பதில்லை.

எதிரில் இல்லாத ஒருவனுக்காகத் தீர்மானிக்கிற உரிமை எங்கிருந்து வருகிறது? இது நகரமைப்பு நிபுணர்களின் பிரச்னை, நமக்கு இதில் வேலையில்லை என்கிற சௌகரியமான எண்ணம் நம் இலக்கிய வட்டங்களில் உண்டு. வீட்டைப் பற்றிக் கவிதை எழுதுவோம். வீடுகள் எங்கே, யாருக்கு, எந்த அளவில் வர வேண்டும் என்பதை என்ஜினியரிடம் விட்டுவிடுவோம். என்னால் அப்படி விட முடியாததற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது.

சில வருஷங்கள் மனைப்பிரிவு வரைபடங்கள் வரைந்து பிழைத்தவன் நான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன், டிரேசிங் தாளில் மசியால் வரைந்த காலம். வேண்டாத கோட்டை ரப்பரால் அழிக்க முடியாது; பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். தாள் கிழியாமல் சுரண்டுவது ஒரு கைத்திறன். எனக்கு அது நன்றாகவே வந்தது. ஒரு முறை, ஊர் எல்லையில் ஒரு பெரிய மனைப்பிரிவு. சர்வேயரோடு போய் நிலத்தை நடந்து பார்த்திருந்தேன். கிழக்கே இருந்த காலனியிலிருந்து நிலத்தின் குறுக்காக ஓர் ஒற்றையடிப்பாதை ஓடைக்கரைச் சுடுகாட்டுக்குப் போயிற்று. புலப்படத்தில் அந்தப் பாதை கிடையாது. ஜனங்கள் நடந்து நடந்து உண்டான தடம். சர்வேயர் தன் குறிப்பில் அதைப் புள்ளிக்கோடாகப் போட்டிருந்தார். முதல் பிரதியில் நானும் போட்டேன். மனைகளைப் பிரித்தபோது கோடு நாலைந்து மனைகளின் வயிற்றில் புகுந்து போயிற்று. 'இது ரெக்கார்டில் இருக்கா?' என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எடுத்துவிடச் சொன்னார்கள். சுரண்டி எடுத்தேன். ஒரு நிமிஷ வேலை.

ஆவணத்தின்படி அதில் தவறேதும் இல்லை. காலனிக்காரர்கள் இனி பிணத்தை ஊர்த்தெரு வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஊர்த்தெரு அவர்களை விடுமா என்கிற கேள்வி மேஜைக்கு வரவில்லை. கொண்டுவரக்கூடிய இடத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். ஏனென்றால், அந்தப் பாதையில் நான் நடந்திருந்தேன்.

இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. திட்டமே வேண்டாம், ஊர் தானாக வளரட்டும் என்பது ஒன்று. இதில் ஒரு கிராமியக் கவர்ச்சி இருக்கிறது. நம் எழுத்தில் பாதி இந்தக் கவர்ச்சியில்தான் வாழ்கிறது. ஆனால் நம் பழைய ஊர்கள் தானாக வளர்ந்தவை என்று நினைப்பது ஞாபகமறதி. யார் எங்கே குடியிருக்கலாம், எந்தக் கிணற்றைத் தொடலாம், எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கலாம் என்பவை முடிவான பிறகு எழுந்த ஊர்கள் அவை. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்ததைவிடக் கறாரான நகரமைப்பு வேறு எது? தாளில்லாத திட்டம் அது. தாள் இல்லாததால் கிழித்துப் போடவும் முடியாத திட்டம். இன்றைய திட்டமின்மைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுக்கும்வரை வயலும் ஏரிவாயும் மனைகளாகிக்கொண்டுதான் இருந்தன. 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. தானாக வளர்வதாகச் சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் வளர்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பதில், நல்ல திட்டமாகப் போட வேண்டும் என்பது. ஏழைகளுக்கு ஓட்டைக் குடிசைக்குப் பதில் காங்கிரீட் வீடு, கழிப்பறை, மின்சாரம். இதை மறுக்க எனக்கு வாயில்லை. மழைநாளில் குடிசையில் படுத்தவன் எவனும் மறுக்க மாட்டான். ஆனால் சென்னையின் தெற்கு விளிம்பு இந்தப் பதிலைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1970இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் (2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது) ஆரம்ப வருஷங்களில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகளைக் கட்டியது. பிறகு விளிம்பு நோக்கி நகர்ந்தது. 2000 முதல் கண்ணகி நகரில் 15,000க்கும் மேல், அடுத்துச் செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேல், பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000க்கும் மேல் வீடுகள். இவை நிற்பது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்ந்த பூமியில். கழுவெளி என்று ஜனங்கள் பெயர் வைத்திருந்த நிலம் அது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது பழைய சதுப்பின் பெரும்பகுதி கட்டடமாகிவிட்டிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, அடையாற்றங்கரையில் வெள்ள அபாயத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிக் குடும்பங்களை இங்கே கொண்டுவந்தார்கள். மழைக்காலத்தில் செம்மஞ்சேரியில் தண்ணீர் நிற்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நகரத்தின் நடுவில் வீட்டு வேலை செய்தவள், மூட்டை தூக்கியவன், மீன் விற்றவள் எல்லோரும் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கப்பட்டார்கள். சிலர் பள்ளி ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தார்கள். வீடு கிடைத்தது, வீட்டை வீடாக்கிய மற்றவை பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவுக்குப் போய்விட்டன. ஆனால் தூரத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது ஒன்று உண்டு. முழுதாகக் கட்டி முடித்துச் சாவி கொடுத்த அந்த வீட்டில் குடியிருக்க வந்தவன் செய்வதற்கு எதுவும் மீதி வைக்கப்படவில்லை. ஏழாவது மாடியில் இட்லிக் கடை போட முடியாது. கீழ்த்தளத்தில் இருக்கிறவன் சுவரை இடித்துப் பெட்டிக்கடைக்கு வழி செய்தால் அது ஆக்கிரமிப்பு. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய பேட்டைக்கே போய்விட்டால் அது விதிமீறல். திட்டத்துக்கு அவன் சொல்லக்கூடிய பதில் எதுவானாலும் குற்றத்தின் பெயரில்தான் ஏட்டில் ஏறும்.

இதற்கு எதிர்த்திசையில் யோசித்த ஒரு திட்டம் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. இந்தூரின் விளிம்பில், சுமார் 85 ஹெக்டேரில், 60,000 பேருக்கென்று பாலகிருஷ்ண தோஷி வரைந்த அரண்யா. 1983 வாக்கில் தொடங்கிய வேலை. 1989இல் ஒரு கட்டம் முடிந்தது. வரைவதற்கு முன் இந்தூரின் குடிசைப் பகுதிகளைப் போய் அளந்து பார்த்தார்கள். வாசலுக்கு முன் மேடை, மரத்தடிக் கடை, சந்து திரும்புமிடத்தில் கொஞ்சம் அகலம் என்று ஜனங்கள் தாங்களே செய்துகொண்டவற்றைக் குறித்துக்கொண்டார்கள். வாசல் மேடைக்கு அங்கே ஓட்லா என்று பெயர், நம் திண்ணைதான். மிக ஏழைகளுக்கான மனை 35 சதுர மீட்டர். அதில் அடித்தளம், கழிப்பறை, ஓர் அறை. மாதிரிக்காக 80 வீடுகளைக் கட்டிக் காட்டினார்கள். மீதியைக் குடியிருப்பவன் தன் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்த யோசனை தோஷியின் கண்டுபிடிப்பு அல்ல. 1977இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சென்னைத் திட்டத்தில் அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் இப்படி மனையும் வசதியும் கொடுத்திருக்கிறார்கள். அரண்யாவில் அந்த யோசனைக்கு ஒரு கலைஞனின் கவனம் கிடைத்தது என்று சொல்லலாம்.

அரண்யாவைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வது எனக்குச் சுலபமாக இருக்கும். 1995இல் ஆகா கான் விருது கிடைத்த திட்டம் அது. புகழ ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் முடிக்காமல் விடுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மற்றவனுக்கு இடம் விடுவது ஒன்று. செலவை அவன் தலையில் கட்டுவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு கழிப்பறையைக் கட்டிக் கொடுத்துவிட்டு 'மீதி உன் சுதந்திரம்' என்று சொல்கிற அரசாங்கம் சுதந்திரம் என்ற வார்த்தையைக் கொச்சைப்படுத்துகிறது. பகலெல்லாம் சித்தாள் வேலை செய்தவள் இரவில் தன் சுவரைத் தானே எழுப்பிக்கொள்ள வேண்டும் என்று சொல்ல, குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் யோக்கியதை கிடையாது.

இன்னொன்றும் நடந்தது. அரண்யாவில் மனை பெற்ற ஏழைகளில் பலர் அதை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்; அந்த இடத்தில் வசதியானவர்கள் வந்து மாடி எடுத்தார்கள். இதைத் திட்டத்தின் தோல்வி என்று எழுதுகிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. பதில் சொல்ல இடம் விட்டால், 'இது எனக்கு வேண்டாம், பணம் வேண்டும்' என்பதும் ஒரு பதில்தான். மகளின் கல்யாணத்துக்கோ கடனுக்கோ மனையை விற்றவனைப் பார்த்து, 'உனக்காக இத்தனை யோசித்தோமே' என்று வருத்தப்படுவது, அவனை நாம் வரைந்த சித்திரத்துக்குள்ளேயே இருக்கச் சொல்வது. அதே சமயம், கழுத்தில் கடன் இருக்கிறவனின் விற்பனையைச் சுதந்திரமான தீர்மானம் என்று கொண்டாடுவதும் அயோக்கியத்தனம். இந்த இரண்டையும் ஒன்றாகவே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டால் சிந்தனை சுகமாகிவிடும், அவ்வளவுதான்.

முழுமை என்பதை நாம் கலையின் லட்சணமாகப் பேசி வந்திருக்கிறோம். ஒரு வார்த்தையை எடுக்கவும் சேர்க்கவும் முடியாத கவிதை என்கிறோம். கவிதைக்கு அது பொருந்தும். ஏனென்றால் கவிதைக்குள் யாரும் குடியிருக்க வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிட்டு எழுந்து போகலாம். எழுந்து போக முடியாத இடத்தில் முழுமை என்பது அதிகாரத்தின் இன்னொரு பெயராகிவிடுகிறது. எனவே திட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி அது முடிந்ததா முடியாததா, அழகா இல்லையா என்பது அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. எதிரில் இல்லாதிருந்தவன் ஒரு நாள் எதிரில் வந்து நிற்பான். அவன் பேசுவதற்கு, மறுப்பதற்கு, சுவரை மாற்றுவதற்கு, வேலைக்குப் போய் வருவதற்கு, வேண்டாமென்று திரும்பிப் போவதற்கு அந்தத் தாளில் இடம் இருக்கிறதா? அந்த இடத்துக்கான செலவைத் திட்டம் போட்டவன் ஏற்கிறானா, வந்தவன் தலையில் வைக்கிறானா? தீர்மானிக்கிற உரிமை என்று ஒன்று இருக்குமானால் அது இந்தப் பதிலுக்குக் கட்டுப்பட்ட உரிமைதான். முன்கூட்டியே கிடைத்துவிடுகிற உரிமை அல்ல.

நகரத்தைவிட்டு அனுப்பப்பட்டவர்களின் குடியிருப்புக்குக் கண்ணகியின் பெயரை வைத்தவர்கள் காவியத்தை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வெளியூரிலிருந்து வந்தவள் அவள். வந்த ஊரில் அவளுக்கு வீடு கிடையாது, இடைச்சேரியில் ஒதுங்கியிருந்தவள். ஆனால் அரண்மனை வாசல் வரை நடந்து போக அவளுக்கு ஒரு வழி இருந்தது, அவள் சொன்னதைக் கேட்க எதிரில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தவறு தன்னுடையது என்று தெரிந்ததும் அவன் செத்தான். நம் காலத்தில் திட்டம் போடுகிறவர்கள் சாக வேண்டியதில்லை. எதிரில் உட்கார்ந்து கேட்டாலே போதும்.

நான் சுரண்டி எடுத்த பாதைக்கு வருகிறேன். அந்தக் காலனிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நடந்தே போகிற தூரம்தான். கேட்டிருந்தால் பாதையைத் தெருவாக வரைந்திருப்பேன். பிற்பாடு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனைகளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் மொத்தத்தில் இரண்டு மனை குறைந்திருக்கும்.